எந்தக் காலேஜ்?

"பொறாமையா? எனக்கா? ஏய் அமுதா, வாய்க்கு வந்தபடி பேசாத, ஆமா!"

செமினார் ஹால்ல கடைசி வரிசையில உக்காந்துகினு சீறினா இனியா. பக்கத்துல இருந்த அமுதா அவ தொடையில ஒரு கிள்ளு கிள்ளி, என்னமோ குசுகுசுத்தா.

"மெதுவாவா? நான் ஏன்டி மெதுவா பேசணும்? யுனிவர்சிட்டில இன்னா சொன்னாங்க? ஜனங்களோட ஆரோக்கியப் பிரச்சினைய ஆராய்ச்சி பண்ணுங்கன்னாங்க. தறிக்காரங்க முட்டிவலிய பத்திக் கேக்க ஆரணி பூரா நான் தெருத்தெருவா அலைஞ்சேன். தேசூர்ல குடிகாரனுங்களப் பத்தி விசாரிக்கப் போயி நீ வாங்கிகினு வந்த திட்டு எவ்ளோ! மேடையில நிக்கறாளே, இவ காலேஜ் கேட்ட தாண்டினாளா? வேப்பமரத்து நெழல்ல குந்திகினு, வர்ற போற பொண்ணுங்கள நிறுத்தி, 'நீ எவ்ளோ தண்ணி குடிப்ப?'ன்னு கேட்டா. இவளுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸு!"

மேடையில ஃப்ளோரன்ஸ் மைக்க சரி பண்ணிகினு இருந்தா. முன் வரிசையில யுனிவர்சிட்டில இருந்து வந்த டாக்டரம்மா. பக்கத்துல, அரக்கு பார்டர் பட்டுப்புடவையில பளபளன்னு டிபார்ட்மெண்ட் தலைவி தேவகி மேடம்.

அமுதா மறுபடியும் காதுல ஊதினா.

"தெரியும்டி, போன செமஸ்டர்லயும் அவதான் ஃபர்ஸ்ட். எப்படி? நான் ஜுரத்துல ஆஸ்பத்திரியில கெடந்தேன், பரீட்சை போச்சு. காலி எடத்துல ஏறி உக்காந்துட்டா! ஆரஞ்சு வாங்கிகினு பாக்க வேற வந்தா, மகராசி. அங்கயே ஆரம்பிச்சிட்டா இந்தக் கேள்விய. 'தண்ணி எவ்ளோ குடிப்ப, இனியா?' குளுகோஸ் ஏத்திகினு கெடக்கறவள கேக்கற கேள்வியா இது? நான் எப்ப எழுந்து வருவேன்னு வேவு பாக்க வந்திருக்கா!"

அமுதா தண்ணி பாட்டில நீட்டினா.

"வேணாம். படவேடு போயி வீட்ல குடிச்சிக்கறேன்." இனியா கால மாத்திப் போட்டா. "காலையில இருந்தே பேஜாரு. புது பிளாக் பாத்ரூம் தொறந்து கெடக்குதேன்னு ஓடினா, 'கெஸ்ட்டுக்கும்மா'ன்னு வாட்ச்மேன் தொரத்திட்டாரு. ரோஸ் கலர் சோப்பு, வெள்ளத் துண்டு! எல்லாம் இந்த அம்மணி பிரைஸ் வாங்கறத பாக்க வந்தவங்களுக்கு!"

ஃப்ளோரன்ஸ் படிக்க ஆரம்பிச்சா. "ஒரு கல்லூரியில மாணவிங்க காலையில வீட்ட விட்டுக் கெளம்பினா, சாயங்காலம் திரும்புற வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்ல..."

"'ஒரு கல்லூரி'யாம்! பேரு இல்லாத கல்லூரி! எல்லாம் கத. இரு, கேள்வி நேரம் வரட்டும். இவ வண்டவாளத்த ஊர் பாக்க வெக்கறேன்."

கேள்வி நேரம் வந்துச்சி. டாக்டரம்மா கைதட்டி முடிக்கறதுக்குள்ள இனியா மைக்கப் புடுங்கிட்டா.

"எந்தக் காலேஜ்?"

ஃப்ளோரன்ஸ் தெகச்சிப் போயி தேவகி மேடத்தப் பாத்தா.

"பேரு முக்கியமில்ல, உக்காரும்மா," மேடம் சிரிச்சிகினே சொன்னாங்க. "கெஸ்ட்டுக்கு நேரமாவுது, ஜல்தி."

"பேரு இருந்தாத்தான மேடம் சொல்லுவா! சரி, காரணமாவது இருக்குதா? தண்ணி குடிக்காம இருக்க அந்தப் பொண்ணுங்களுக்கு இன்னா பைத்தியமா?"

ஹால் சிரிச்சிது. ஃப்ளோரன்ஸ் சிரிக்கல.

"குடிச்சா போறதுக்கு எடம் இல்ல. பழைய பாத்ரூம்ல கதவு சாத்தாது, கொழாயில தண்ணி வராது. புதுசா கட்டினது பூட்டியே கெடக்குது. அடக்கி அடக்கி ஒரு பொண்ணுக்கு கிட்னியில இன்ஃபெக்ஷன் ஆயிடுச்சி. எப்பவும் ஃபர்ஸ்ட் வர்றவ, பரீட்சையே எழுத முடியல. ஆஸ்பத்திரியில அவளப் பாத்துட்டு வந்துதான் நான் இந்த ஆராய்ச்சியவே எடுத்தேன்."

இனியா மைக்க எறக்கினா.

"அவ பேரு?" யுனிவர்சிட்டி டாக்டரம்மா கேட்டாங்க.

"சொல்ல மாட்டேன் மேடம். யாராவது அவளப் பாவம்னு பாத்தா அவளுக்குப் புடிக்காது."

இனியா தொண்ட காஞ்சி போயிருந்துச்சி. காலையில பஸ் ஏறினதுல இருந்து ஒரு மொடக்கு எறங்கல. இப்பவும் அடிவயிறு எரிஞ்சிது. முட்டிவலிக்காக ஊரெல்லாம் சுத்தினோமே, நம்ம வலிய நாம கேக்கலியே. அதக் கேட்டவ இவளா! அதுவும் பொறாமையாத்தான் இருந்துச்சி.

"இனியா, போதும், உக்காரு!" தேவகி மேடம் கொரல் ஒசந்துச்சி.

"உக்கார மாட்டேன் மேடம். அந்தப் பொண்ணு நான்தான்."

அமுதா சுடிதாரப் புடிச்சி இழுத்தா. இனியா உதறிட்டு நேரா முன் வரிசைக்கு நடந்தா.

"ஃப்ளோரன்ஸ், நீ பதில் சொல்ல வேணாம், உக்காரு. உன்கிட்ட நான் அப்பறம் சண்ட போட்டுக்கறேன்."

மைக்க தேவகி மேடம் மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

"நீங்க சொல்லுங்க மேடம். இன்னிக்கு மட்டும் தொறந்திருக்குதே நம்ம காலேஜ் புது பாத்ரூமு, கெஸ்ட்டு கார் ஏறினதும் அத மறுபடியும் பூட்டுவீங்களா, மாட்டீங்களா? என் காதுல சொல்ல வேணாம், மைக்ல சொல்லுங்க!"