பன்னிரண்டு நாள்

“உங்கட கடிதம் பன்னிரண்டு நாள் பிந்திட்டுது,” என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார் வக்கீல் அன்ரனிப்பிள்ளை. “காசு தரவேண்டிய நாளிலயிருந்து ஆறு மாசத்துக்குள்ள எழுத்தில கேக்கோணும். இல்லாட்டி உரிமை இல்லை. இங்கத்தச் சட்டமெண்டா வருஷக்கணக்கில இருக்கு. நீங்க சிங்கப்பூர்ச் சட்டத்துக்கெல்லோ கையெழுத்து வச்சிருக்கிறீங்க. அங்க ஒப்பந்தத்தில எழுதினதுதான் செல்லும்.”

றஸீன் பிடித்த ஒரு பருவத்துக் கடலட்டை முழுவதும் காசு வராமலே அந்த ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போயிருந்தது.

“நல்லாச் சொல்லுங்க சேர்,” என்றாள் அவன் மனைவி கைருன்னிஸா. “கடிதம் போட்டாச்சா எண்டு கிழமைக்குக் கிழமை கேட்டன். இந்த மனிசன் நாளைக்கு, நாளைக்கு எண்டே காலத்த ஓட்டிட்டார்.”

“ஏன் பிந்தினது?”

“கம்பெனி முதலாளி மௌத்தாயிட்டார். பொஞ்சாதி புருஷனுக்காக வீட்டோட இத்தாவில இருந்தா. நாலு மாசம் பத்து நாள். அந்த நேரத்தில பாக்கிக் காசைக் கேக்க மனம் வரல்ல,” என்றான் றஸீன்.

“சிங்கப்பூர்ச் சட்டத்தில இத்தாவுக்கு இடமில்லை, தம்பி.”

“அவ வேற ஆருமில்ல சேர், என்ட கூடப்பிறந்த ராத்தா மஹ்மூதா,” என்றாள் கைருன்னிஸா. “நேரத்துக்குக் கேட்டிருந்தா தந்திருப்பா. இப்ப கம்பெனி வக்கீல் சட்டம் கதைச்சா அவ என்ன செய்வா? தொண்ணூறில முஸ்லிம் சனத்த மன்னாரால வெளியேத்தேக்க எனக்கு ஆறு வயசு. கடற்கரை வரைக்கும் என்னைத் தோளில சுமந்தவ.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

“சுழியோடிகளுக்குக் கூலி?”

“போட்டைத்தான் விக்கோணும்,” என்றான் றஸீன். “வேற ஒண்டும் இல்லை.”

“ஒரு வழி இருக்கு. ‘பொறுங்க’ எண்டு அவங்க பக்கத்தால ஒரு கடிதம், போனில ஒரு மெசேஜ், அப்பிடி ஏதும் வந்ததா? இருந்தா வழக்காடிப் பாக்கலாம்.”

“இல்லை.”

“வந்திருந்தா மட்டும் இவர் கவனமா வச்சிருப்பாராக்கும்,” என்றாள் கைருன்னிஸா.

வெளியே வந்து புத்தளம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். அவள் கையை நீட்டினாள்.

“போனைத் தாங்க. கூடப்பிறந்தவளுக்கு நோட்டீஸ் அனுப்பி இருக்கிறீங்க. நானாவது ராத்தாட்ட மன்னிப்புக் கேக்கிறன்.”

“பொறு, நம்பர் எடுத்துத் தாறன்.”

றஸீன் மஹ்மூதாவின் பழைய செய்திகளுக்குள் ஒன்றைத் தேடி எடுத்தான்.

‘இத்தா முடியுமட்டும் கடிதம் ஒண்டும் போடவேணாம் மச்சான். ஒரு சதம் விடாமத் தாறது என்ட பொறுப்பு.’

மனைவியின் கண்ணில் படுமுன் அதை அழித்தான். பிறகு நம்பரை அழுத்தி, போனை மனைவியிடம் கொடுத்தான்.