இரண்டு விரல் இடைவெளி

சொவேட்டோவில் மறுநாள் தம்பி கட்லேஹோவின் அடக்கம். அவன் ஆசைப்பட்டபடியே அவனுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்திவிட, மொலேஃபி புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டினான். ஊர் வழக்கப்படி, கல்லறைத் தோட்டத்தில் தம்பிக்காக அதை வட்டமாகச் சுழற்றி டயர் புகை கிளப்ப வேண்டும்.

டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தான். மூன்று சக்கரத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. டிரைவர் பக்கம் முன்னால் மட்டும் ஒரு விரல்தான். ஸ்பிரிங்குகளை இடம் மாற்றிப் போட்டும் அந்தப் பக்கமே அமுங்கி நின்றது. காருக்குள் யாரும் இல்லை.

"அவர் தின்ன களிக்கு வண்டி சாயாம என்ன செய்யும், அண்ணே?" என்றாள் தம்பி மனைவி ந்தாபி. சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் குழியை மண் மூடியதும், கூட்டம் விசிலடிக்க, மொலேஃபி காரைச் சுழற்றினான். புகை அடங்கியபின் இறங்கி விரல் வைத்தான். டிரைவர் பக்கம் இப்போது இரண்டு விரல் இருந்தது.

"போயிட்டான்மா. ஏறு, வீட்டுக்குப் போலாம்."

ந்தாபி எப்போதும் தான் உட்காரும் இடது முன்கதவைத் திறந்தாள். இருக்கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போய் ஏறிக்கொண்டாள்.

மொலேஃபி சுற்றி வந்து இடது முன்சக்கரத்தின் மேல் விரல் வைத்தான். ஒன்றுதான் நுழைந்தது.