முப்பது எண்ணும்வரை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மார்ச் வெயில் பழைய கல்குவாரிக்குள் சூடில்லாமல் விழுந்து கிடக்கிறது. வண்டியின் பின்பலகையில் அரைக் கோப்பைக் காபி ஆவி விடுகிறது. "முழுசா ஊத்தினா கொறைஞ்சா போயிடுவே?" என்று மனைவி டோர்லீனிடம் இப்போதுதான் சலித்துக்கொண்டான் வெர்லின். அவன் கையிலிருப்பது ருமேனிய ராணுவம் கழித்துவிட்ட கைத்துப்பாக்கி. அறுபது வருஷம் கிரீஸுக்குள் உறங்கியது. கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அதை வாங்கி, மூன்று நாள் மண்ணெண்ணெயில் கழுவினான். காலி பீன்ஸ் டப்பா ஒன்றைக் குறிபார்த்து விசையை இழுக்கிறான். 'டிக்' என்கிறது, வெடிக்கவில்லை. "உள்ளே இன்னும் கிரீஸ் இருக்கு. அசைக்காதே, கிழவா," என்கிறாள் டோர்லீன். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும், முப்பது எண்ணும்வரை குழல் இலக்கைப் பார்த்தே நிற்க வேண்டும். டோர்லீன் எண்ணுகிறாள். நிழலில் மிச்சமிருக்கும் பனி சொட்டுகிறது. பதினொன்றில் குழலின் நுனி நடுங்கத் தொடங்குகிறது. வெர்லின் பல்லைக் கடிக்கிறான், மூச்சை அடக்குகிறான். மாதக்கணக்கில் சட்டைப்பைக்குள் ஒளித்துவைத்த நடுக்கம் இன்று ஒளிய இடமில்லாமல் வெயிலில் நிற்கிறது. "குளிருது," என்கிறான். "பதினேழு," என்கிறாள் அவள். குரல் மாறவில்லை, வேகமும் கூடவில்லை. பக்கத்தில் வந்து அவன் மணிக்கட்டுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுக்கிறாள். இருவர் கையும் சேர்ந்து நடுங்குகிறது. "முப்பது." அவளே துப்பாக்கியின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுக்கிறாள். வெடிக்காத தோட்டா சரளையில் விழுகிறது. "சொல்லணும்னுதான் இருந்தேன்," என்கிறான் அவன், தரையைப் பார்த்தபடி. டோர்லீன் கோப்பையை எடுத்து அவன் கையில் கொடுக்கிறாள். காபி உள்ளே தளும்புகிறது, சிந்தவில்லை. "அக்டோபர்லேருந்து அரைக் கோப்பை எதுக்கு ஊத்துறேன்னு நெனச்சே?"