அண்ணனின் இடது கை

அண்ணனின் இடது கை அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கணினித் திரையில் அவன் நாலடி நடப்பதற்குள் தோள்பட்டை ஓரம் வெடவெடவென்று நடுங்கியது. அதைச் சரிசெய்தால் சட்டைக்கை துள்ளியது. அதையும் சரிசெய்தால் சுவரில் விழுந்த நிழல் ஒத்துப்போகவில்லை.

"சனியனே, ஒரு தடவையாவது ஒழுங்கா இரேன்" என்று பல்லைக் கடித்தாள்.

படிப்பு முடிய அவள் எடுத்துக் கொடுக்க வேண்டிய குறும்படம் அது. அச்சகத் தொழிலாளி ஒருவன் விபத்தில் இடது கையை இழக்கிறான். விபத்துக்கு முன்பு ஒரு பாதி, பின்பு ஒரு பாதி. கதையைச் சொன்ன அன்றே விரிவுரையாளர் மூக்கைச் சுளித்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்திரி, சும்மா வைக்கவில்லை.

"கை இருக்கிறதையும் இல்லாததையும் ஒரே ஆளை வெச்சுக் காட்டப் போறியா? கிராஃபிக்ஸ்ல நீ இப்பதான் அரிச்சுவடி. எங்கயாவது பல்லிளிச்சுதுன்னா படத்தை வாங்கிக்க மாட்டேன். அடுத்த வருஷம் வந்து பாரு."

நடிக்க அண்ணனைத்தான் பிடித்தாள். கேமரா என்றாலே காத தூரம் ஓடுகிறவன். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தபோது அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆக்கிடாதே, வாலு."

அந்த வார்த்தைதான் இப்போது அவளைக் குத்தியது. இணையத்தில் பாடம் நடத்துகிற புண்ணியவான்கள் எல்லாரும் 'ரொம்ப ஈசி' என்றுதான் ஆரம்பித்தார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே செய்தாள்; அவர்களுக்கு வந்தது இவளுக்கு வரவில்லை. போதாக்குறைக்கு இந்தக் கணினி வேறு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாட்டு வண்டி மாதிரி நின்று நின்று நகர்ந்தது.

அண்ணன் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டீயோடு வந்தான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு விளக்கைப் போட்டான்.

"இன்னும் முடியலையா?"

"எல்லாம் உன் கையால வந்த வினை. எங்க புடிச்சாலும் வழுக்குது."

"நடிச்சது நான். திட்டு மட்டும் கைக்கா?"

"போண்ணா. எனக்கு வராது இது. நான் ஃபெயிலாகப் போறேன், எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிக்கப் போறாங்க." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவன் திரையையே பார்த்தான்.

"இன்னொரு தடவ ஓட்டு" என்றான்.

இவனும் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டிக் காட்டினாள். பார்த்து முடித்ததும் அவன் வெளியே போய்விட்டான். அந்த ஆத்திரத்திலேயே செய்த அத்தனையையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமாக முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

திரையிடல் நாளில் அவள் நகம் கடித்தபடி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அரங்கில் விளக்கணைந்தபின் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டான். படம் ஓடியது. யாரும் சிரிக்கவில்லை.

அதுவே அவளுக்குப் போதும் என்றிருந்தது. ஆனால் கத்திரி விடவில்லை. இரண்டாம் பாதியை மறுபடி ஓட்டச் சொல்லி, திரைக்குப் பக்கத்திலேயே போய் நின்று பார்த்தார்.

விளக்குகள் எரிந்தன.

"முதல் பாதியில பெருசா வேலை ஒண்ணும் இல்ல, சும்மா எடுத்து வெச்சிருக்க" என்றார் கத்திரி. "ஆனா விபத்துக்கு அப்புறம் அந்த வெறும் சட்டைக்கை தொங்குது பாரு, ஒரு பிசிறு இல்ல. நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன். நீ பாஸ். அந்தக் கையை எப்படிம்மா எடுத்த?"

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையிலிருந்து அண்ணன் எழுந்தான்.

"அவ எடுக்கல சார், முதல் பாதியில வெச்சிருக்கா. பொறந்ததுலேருந்து எனக்கு இல்லாத கையை நானே இந்தப் படத்துலதான் பாத்தேன்."