போர்த்தி வைத்த மரம்

எர்கெஷ்பாய் கம்பளத்தை உரித்தெடுக்கிறார். அடியில் வெட்டிப் போட்டுக் கிடக்கும் அக்ரூட் மரம் முழுக்கக் காளான். சாம்பலும் பழுப்புமாக, வெள்ளை விளிம்போடு, விசிறிமேல் விசிறியாக அடுக்கியிருக்கிறது. இலை இடுக்கில் விழும் காலை வெயிலில் பட்டுத்துணிபோல் மினுங்குகிறது. மகள் நுர்சாத்தின் சீர்ப்பெட்டி இந்த மரத்தில்தான் என்று சம்பந்தி வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர். ஊர்க்கண் படக்கூடாதென்று இரண்டு வருஷமாக மூடி வைத்தவரும் அவரே. கத்தியைக் குத்துகிறார். தேநீரில் ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் அது பிடிவரை இறங்குகிறது.

“காத்தாடக் கிடக்கட்டும்னு அப்பவே சொன்னேன். பச்சப்புள்ளைக்குப் போத்துற மாதிரி போத்திட்டு வந்தீங்க,” என்கிறாள் மனைவி உல்ஜான். “பேசாம பாப்லர் பலகையில செஞ்சு சாயம் அடிச்சிரலாம்.”

“விறகுக் கட்டையிலயா? நம்ம வீட்டுப் பொண்ணுக்கா? வாய மூடு!”

அவர் காளானை நகத்தால் பிய்க்கிறார். கூடவே மரமும் நார்நாராக வருகிறது. சரிவின் கீழே குதிரைக் குளம்பின் சத்தம் கேட்கிறது.

“சம்பந்தி! எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க உங்க புதையல? தச்சனையே கூட்டிட்டு வந்துட்டேன்!”

உல்ஜான் கணவரின் முகத்தைப் பார்க்கிறாள். அவர் கம்பளத்தை இழுத்து மூடி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மரத்தின்மேல் முதுகை நிமிர்த்தி உட்காருகிறார்.

“வாங்க சம்பந்தி, வாங்க.”

அவருக்குக் கீழே மரம் சத்தமில்லாமல் அமிழ்கிறது. அவர் எழுவதாக இல்லை.