எடிட்டர் வெட்டிய படம்

ரைட்டர் எடிட்டிங் ரூம் கதவைத் திறந்ததும் மானிட்டர் அணைந்தது.

உள்ளே எடிட்டரம்மாவும் தயாரிப்பாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கேட்டுக்கொண்டிருந்த பேச்சும் நின்றுவிட்டது.

"வாங்க ரைட்டர். சும்மா வேற ஒண்ணு பார்த்துட்டிருந்தோம்" என்றார் தயாரிப்பாளர்.

சும்மா என்ற சொல்லை நம்புகிற ஆளில்லை ரைட்டர். மற்றவர்கள் இயக்கிய படங்களுக்குக் கதை வசனம் எழுதியே தலை நரைத்தவர். ஒரு பாத்திரம் 'சும்மா' என்று சொன்னால் பின்னால் ஏதோ விவகாரம் இருக்கிறது என்பது அவர் எழுதிப் பிழைத்த பாடம்.

இப்போதுதான் முதல் முறையாக ஒரு படத்தை அவரே இயக்கியிருந்தார். ஆனாலும் டைரக்டர் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. டீ கொடுக்கிறவரிலிருந்து கதாநாயகன் வரை எல்லோருக்கும் அவர் ரைட்டர்தான்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. மகளோடு சண்டை போட்டுப் பிரிந்த அப்பா, அவள் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, இறங்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்தே இருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக வசனம் எழுதிக் கொடுத்தவர் தனக்கென்று வைத்துக்கொண்ட மௌனம் அது. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நம்பினார்.

தயாரிப்பாளருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. ஒருத்தன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவா ஜனங்கள் தியேட்டருக்கு வருவார்கள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் போனால், ரூம் உள்பக்கம் தாழிட்டிருந்தது. எடிட்டரம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வேலை ஓடுகிறது, பிரிவ்யூ அன்றைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் சாத்திக்கொண்டார்.

ரைட்டருக்கு அன்றோடு தூக்கம் போயிற்று.

அவர் ஆசை ஆசையாக எழுதிய எத்தனையோ காட்சிகளை அந்தம்மாவின் கத்தரி விழுங்கியிருக்கிறது. கேட்டால், டைரக்டர் சொன்னார், வெட்டினேன் என்பார். இப்போது டைரக்டரே நான்தானே, அப்புறம் யார் சொல்லி வெட்டுகிறார்? தயாரிப்பாளரின் அடுத்த படத்துக்கும் அந்தம்மாதான் எடிட்டர் என்று பேச்சு அடிபட்டதும், எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

நேராகவே கேட்டுவிடுங்களேன் என்றாள் மனைவி. கேட்டால் பொய்தான் வரும் என்றார் ரைட்டர்.

"அவங்க சொல்லப்போற பொய்யையும் நீங்களே எழுதி வச்சுட்டீங்களா?" என்றாள்.

பிரிவ்யூவுக்குத் தயாரிப்பாளர் தன் சொந்தக்காரர்களையும் தியேட்டர்காரர்கள் சிலரையும் கூட்டி வந்திருந்தார். படம் ஓட ஆரம்பித்தது. அப்பா காரில் உட்கார்ந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மகள் அழ ஆரம்பிக்கும்போதே காட்சி அறுந்து எங்கேயோ தாவியது. மனசு கனக்க வேண்டிய இடத்தில் இசை போட்டு இடித்தது. போன் பேச வெளியே போன தியேட்டர்காரர் ஒருவர் திரும்பவே இல்லை.

விளக்கு எரிந்ததும் தயாரிப்பாளர் எடிட்டரம்மா பக்கம் திரும்பினார்.

"வேகமா இருக்கணும்னுதானே சொன்னேன்? இப்படிக் கொத்துக்கறி போடவா சொன்னேன்? உங்க அனுபவத்தை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தனை பேருக்கு முன்னால் அங்கேயே சொல்லிவிட்டார். அப்புறம் ரைட்டரிடம், அவர் விருப்பப்படி முதலில் தொகுத்த பிரதி பத்திரமாக இருக்கிறதா என்று விசாரித்து, அதையே ரிலீஸ் பண்ணிவிடலாம் என்றார்.

ரைட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"கத்தரி பிடிக்கறவங்க எல்லாம் எடிட்டர் ஆயிட முடியாது" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

எடிட்டரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படம் ஓடியது. அந்தக் கார் காட்சியில் தியேட்டரே மூச்சுக் காட்டாமல் இருந்தது. ரைட்டர் எல்லோர் வாயிலும் டைரக்டர் ஆனார். வெற்றி விழா மேடையில் கேமராமேனிலிருந்து வேன் டிரைவர் வரை பெயர் சொல்லி நன்றி சொன்னார். ஒரே ஒரு பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டார். எடிட்டரம்மாவுக்கு அதற்கப்புறம் சினிமா வரவில்லை. ஏதோ விளம்பரப் படங்கள் வெட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இரண்டாவது படத்தின் ஒலிச் சேர்க்கை நடந்தபோது பழைய கதை வந்தது. முதல் படத்தில் வேலை செய்த அதே சவுண்டு எஞ்சினியர்தான் இதிலும். அந்தம்மா அவ்வளவு மோசமாக வெட்டியதால்தான் என் படம் தப்பித்தது என்று சொல்லிச் சிரித்தார் டைரக்டர்.

எஞ்சினியர் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்.

"பிரிவ்யூவுக்குன்னு அவங்க முதல்ல வெட்டினதை நான் பார்த்தேன் சார். தயாரிப்பாளர் கேட்ட மாதிரியே இருந்தது. பிரமாதமா இருந்தது. இதைக் காட்டினா அவர் ரைட்டரோட பிரதியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாருன்னு தலையில கையை வச்சுக்கிட்டாங்க."

டைரக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்ககிட்ட சொல்லிடலாமேன்னேன். வேண்டாம், அவர் முகமே காட்டிக்கொடுத்துடும்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார், அவ்வளவு நல்லா வெட்டினதை, ராப்பகலா உட்கார்ந்து அவங்களே கெடுத்தாங்க."