நான்காம் விதியில் ஒரு திருத்தம்

திருத்த மசோதாவை எதிர்த்து ஆவேசமாக வெளிநடப்பு செய்த தரணீதரன், வாசலில் தன் செருப்பைக் காணாமல் இரண்டே நிமிடத்தில் அவைக்குத் திரும்பினார். "செருப்பு கெடைக்கற வரைக்கும் உக்காந்திருக்கறேன். அதுக்காக நான் ஒத்துக்கிட்டேன்னு எழுதிப்போடாதீங்க" என்று எச்சரித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, அவ்வளவு சூடாக இருந்தது விவாதம்.

அவை என்றதும் சென்னைக் கோட்டையை நினைத்துவிட வேண்டாம். திருப்பூரில் ஒரு குண்டும் குழியுமான தெருவின் நலச்சங்கம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவர் சுப்பண்ணன் வீட்டு வராந்தாவில் கூடியிருந்தது. உறுப்பினர்கள் மொத்தமே பன்னிரண்டு பேர்.

ஓரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள் சித்ராதேவி. சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, பனியன் கம்பெனியில் டெய்லராக இருப்பவள். வாடகை வீட்டுக்காரி என்பதால் வேடிக்கை பார்க்கலாம், ஓட்டுப் போட முடியாது. 'சொந்த வீடு உள்ளவரே உறுப்பினர்' என்பது சங்கத்தின் நான்காம் விதி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் தன் கையாலேயே எழுதியவர் சுப்பண்ணன்.

அந்த விதிதான் இப்போது ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. இந்த வருஷ மாநில பட்ஜெட்டில் தெரு ரோடுகளுக்கென்று நிதி ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் தெருவில் பாதிக் குடும்பமாவது உறுப்பினராக உள்ள சங்கம் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டுமாம். இங்கே இருப்பதோ ஐம்பத்திரண்டு குடும்பம், அதில் நாற்பது வாடகை. நாளைக்குள் தீர்மானம் போய்ச் சேராவிட்டால் ரோடு அடுத்த வார்டுக்குப் போய்விடும்.

சித்ராதேவிக்கு இது பிழைப்புப் பிரச்சினை. குழிக்குப் பயந்து கம்பெனி வேன் தெருவுக்குள் வருவதில்லை. போன மாதம் அதைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடியவள் சேற்றில் விழுந்து, முழங்கையில் ஆறு தையல். 'டெய்லருக்கே தையலா' என்று கம்பெனியில் சிரித்தார்கள். இன்னொரு தரம் விழுந்தால் மெஷினில் உட்கார முடியாது என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வாடகைக்காரரையும் உறுப்பினராக்கும்படி விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது எட்டு ஓட்டு. வீடு வீடாக ஏறி இறங்கி ஏழு பேரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். எட்டாவதுக்கு ஆள் சிக்கவில்லை.

செயலாளர் தெய்வாத்தாள், தெருவின் வரைபடத்தைச் சுவரில் மாட்டுவதற்காக ஆணியும் சுத்தியலும் எடுத்தார். சுப்பண்ணன் பதறிப்போய் எழுந்து ஓடி வந்தார்.

"ஏனுங்க, செவுத்துல ஆணியெல்லாம் அடிக்கப்படாதுங்க! பெயிண்ட் போயிருமுங்க. கையிலயே புடிச்சுக் காட்டுங்க, போதும்."

தெய்வாத்தாள் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பேசினார். கை வலித்ததால் உரை சீக்கிரம் முடிந்தது. சங்கத்தின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை.

பிறகு சுப்பண்ணன் முழங்கினார். "பட்ஜெட் வருசாவருசம் வரும், போகுமுங்க. சட்டத்துல கை வெக்கலாமுங்களா? சொந்த ஊடு இல்லாதவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அவிங்களுக்கு எதுக்குங்க ஓட்டு?"

சித்ராதேவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, எட்டு வருசமா இந்தத் தெருவுலதான் கெடக்கோம். குழிக்குச் சொந்த வீடு, வாடகை வீடுன்னு தெரியுமா? எல்லாரையுந்தான உருட்டி விடுது."

"பார்வையாளருங்க பேசப்படாதுங்க அம்மிணி" என்று வாயை அடைத்தார் சுப்பண்ணன். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓட்டெடுப்பு ரகசியம். லேபிள் கம்பெனி வைத்திருக்கும் தரணீதரன், மிஞ்சிப்போன சைஸ் லேபிள்களை அள்ளி வந்திருந்தார். எஸ் போட்டால் சம்மதம், எக்ஸெல் போட்டால் கூடாது. பன்னிரண்டு பேரும் மூடிய கையோடு வந்து, எவர்சில்வர் குடத்துக்குள் ஆளுக்கொன்றாகப் போட்டுவிட்டுப் போனார்கள்.

தெய்வாத்தாள் குடத்தைக் கவிழ்த்தார். "எக்ஸெல் நாலு. எஸ்..." சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினார். "எஸ் எட்டுங்க! திருத்தம் பாஸ்!"

வாசலில் நின்ற வாடகைக் குடும்பங்கள் விசிலடித்துக்கொண்டே வந்து உறுப்பினராகப் பேர் கொடுத்தன. சித்ராதேவி அழுதுகொண்டே சிரித்தாள். "அநியாயமுங்க, இந்தச் சங்கம் உருப்படாதுங்க" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்ன சுப்பண்ணன், ரோடு கேட்கும் தீர்மானத்தில் தலைவர் கையெழுத்தை மட்டும் தாமதிக்காமல் போட்டுக் கொடுத்தார்.

எட்டாவது புண்ணியவான் யார்? வெளிநடப்பு செய்தும் திரும்பி வந்த தரணீதரனாகத்தான் இருக்கும் என்று அவர் முன்னால் போய்க் கும்பிட்டாள். செருப்பு கிடைத்த சந்தோஷத்தில் இருந்த அவர், "நானுங்களா? எக்ஸெல்தானுங்க போட்டேன்" என்று ஒளிக்காமல் சொன்னார். எதிர்த்துப் பேசிய மற்ற மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள்.

சித்ராதேவி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பாக்கி ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவர் வராந்தாவில் தனியாக நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்களா? அந்தக் கத்துக் கத்தினீயளே!"

சுப்பண்ணன் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க அம்மிணி. இந்த ஊட்டுல நானே இப்ப வாடகைக்குத்தானுங்க இருக்கறேன்."